தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா

பேல் ஏல் என்பது வெளிறிய நிறமுள்ள ஒரு ஆங்கில பீர். வெளிறியது என்பது அந்தக் காலத்துக் கறுத்த பீரான போர்ட்டரோடு ஒப்பிட்டுச் சொன்னது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் நல்லெண்ணெய் நிறத்தில்தான் இருக்கும். இதைப் பதினைந்து வருஷமாக மான்செஸ்டரில் என் வீட்டுச் சமையலறையில் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். 'காய்ச்சுகிறேன்' என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. மதுவிலக்கு அமலில் இருந்த தென்னாற்காடு ஜில்லாவில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லோடு ஒரு போலீஸ் ஜீப்பும் சேர்ந்தே வரும். இங்கிலாந்தில் இதற்குத் தடை இல்லை. 1880 முதல் வீட்டில் காய்ச்சுகிறவனும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் ரெஜினால்ட் மாட்லிங் என்ற நிதியமைச்சர் அதை எடுத்துவிட்டார். விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கவிதை பற்றி ஒரு கட்டுரை. பீர் பற்றி எழுதுகிறேனே என்று பதில் எழுதினேன். இரண்டும் ஒன்றுதான் என்று நிறுவும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. ஆனால் 1977-ல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய மதிப்புரை ஒன்றைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைப் படித்தவர்கள் இன்று ஐந்தாறு பேர் மிஞ்சியிருக்கலாம். அவர்கள் எல்லோரும் இதையும் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த மதிப்புரையில் நான் எங்கே தவறினேன் என்பது எனக்குப் பிடிபட்டது இந்தச் சமையலறையில்தான். ஆகவே முதலில் சமையலறை.

*

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுவதற்கு முன் சூட்டில் உலர்த்தி நிறுத்தினால் அது மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பதற்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்ஷியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் இந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. வடித்தெடுக்கும் இனிப்பு நீருக்கு வொர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. பீரின் ரகசியம் இவ்வளவுதான்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது இந்த வேலையின் முதல் பாதியை வேறொருவர் செய்து டின்னில் அடைத்துக் கொடுப்பது. தொழிற்சாலையில் வொர்ட்டை வடித்து, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட பெரிய பாத்திரங்களில் மிதமான சூட்டிலேயே தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு ஈரம்தான் மிஞ்சும். கிடைப்பது தேனைவிடக் கெட்டியான ஒரு பாகு. நான் செய்ய வேண்டியதெல்லாம், போன தண்ணீரைத் திரும்ப ஊற்றுவது.

முதல் டின்னைத் திறந்த அன்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஹார்லிக்ஸ் வாசனை. யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; மால்ட் செய்த பார்லியையும் கோதுமையையும் பாலையும் சேர்த்து உலர்த்தியதுதானே ஹார்லிக்ஸ். இருந்தாலும், மது என்ற நினைப்போடு, யாரோ பின்னால் நிற்கிற மாதிரித் திறந்த டின்னுக்குள், ஜுரம் விட்ட மறுநாள் அம்மா ஆற்றிக் கொடுத்த தம்ளர் இருந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது இந்தப் பாகு ரொட்டி சுடுவதற்கு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் விற்றது. ஹாப்ஸ் சேர்த்துக் கசப்பாக்கிய பாகும் விற்றது. ரொட்டிக்குக் கசப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

என் கணக்கு இது. ஒன்றரைக் கிலோ டின் இரண்டு, வெளிறிய பாகு. நிறத்துக்கும் கொஞ்சம் உடம்புக்கும் க்ரிஸ்டல் மால்ட் என்ற வறுத்த மால்ட் 250 கிராம். இதைத் துணியில் முடிந்து வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து எடுத்துவிடுவேன். அந்த நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பாகை ஊற்ற வேண்டும். எரிகிற அடுப்பில் ஊற்றினால் பாகு நேராக அடிக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை எனக்குப் பிடித்தது. தீய்ந்த வாசனை கடைசி பாட்டில் வரை போகவில்லை. பிறகு மறுபடி கொதி. கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் 50 கிராம் கசப்புக்காக ஒரு மணி நேரம், கடைசிப் பத்து நிமிஷம் வாசனைக்காக இன்னொரு 25 கிராம். குளிர்ந்த நீர் சேர்த்து 23 லிட்டர். ஹைட்ராமீட்டரை மிதக்கவிட்டால் 1040 என்று காட்டும். 20 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்ட். மறுநாள் காலையில் வாளிக்குள் நுரை ஒரு சாண் எழும்பியிருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். 1010 என்று இரண்டு நாள் தொடர்ந்து காட்டினால் முடிந்தது. பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகச் சர்க்கரை போட்டு மூடி அடித்து, இன்னும் இரண்டு வாரம். சாராயம் நூற்றுக்கு நான்குக்குச் சற்றுக் கீழே. பாட்டில் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து கெட்டு நாற்றம் வரும்.

மற்றதெல்லாம் சுத்தம். நான் முப்பத்தொரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் பாக்டீரியா வளர்த்தவன். சுத்தம் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டாவது காய்ச்சலில் ஆறிய வொர்ட்டை, கைக்கு எட்டிய மரக்கரண்டியால் கலக்கினேன். அது சாம்பார்க் கரண்டி. மூன்று வாரம் கழித்துத் திறந்த ஒவ்வொரு பாட்டிலும் கூரைவரை பீறிட்டது. நாற்பது பாட்டிலும் மோர்ப் புளிப்பு. என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

*

பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தப் புளிப்பு பீரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஒன்றுதான் உன் வீட்டு ருசியோடு வந்திருக்கிறது," என்றார். ஆங்கிலத்தில் நீ என்றும் நீங்கள் என்றும் பிரிவினை கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்த அவர் பேச்சு என் காதில் எப்போதும் 'நீ' என்றே விழுந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அப்பா போன பிறகு என்னை நீ என்று சொல்ல ஆண்கள் யாரும் மிஞ்சவில்லை.

அவர் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்கட்டில் ஒரு மரக் கொட்டகை. பிக்னிக் ஐஸ்பெட்டி ஒன்றில் குழாய் பொருத்தி அதில் மால்ட்டை ஊறப்போடுவார். தானியத்திலிருந்து தொடங்காத பீர் அவருக்கு பீரே இல்லை. என் டின்களுக்கு 'சூப்' என்று பெயர் வைத்திருந்தார். ஆளைக் கேவலப்படுத்தாமல் செய்கிற காரியத்தை மட்டும் கேவலப்படுத்தும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. இது நம்முடைய விமர்சகர்களுக்கு, என்னையும் சேர்த்து, வாய்க்காத ஒன்று.

தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பேல் ஏல் பேர்பெற்றது பர்ட்டன் என்ற ஊரில், ட்ரெண்ட் நதிக்கரையில். அந்த ஊர்க் கிணற்று நீர் ஜிப்சம் படிவங்களின் ஊடே வருகிறது. அதிலுள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்குகிறது. கால்ஷியம் பீரைத் தெளியவைக்கிறது. லண்டனில் ஹாட்ஜ்ஸன் என்பவரின் ஆலை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பேல் ஏலை 1822 வாக்கில் பர்ட்டனில் ஆல்ஸப் என்பவர் காய்ச்சத் தொடங்கினார். அந்தத் தண்ணீரில் அது இன்னும் நன்றாக வந்தது. பீப்பாய் பீப்பாயாகக் கல்கத்தாவுக்கும் சென்னப்பட்டணத்துக்கும் கப்பல் ஏறியது. நம் ஊர் வெயிலில் துரைமார் குடித்தது பெரும்பாலும் அந்தக் கிணற்று நீரைத்தான்.

மான்செஸ்டர் தண்ணீர் நேர் எதிர். உப்பே இல்லாத மெல்லிய தண்ணீர். ஊர்த் தண்ணீர்கூட இல்லை. வடக்கே ஏரி மாவட்டத்தில் தேர்ல்மியர் என்ற ஏரியை அணைகட்டிப் பெரிதாக்கி, 96 மைல் தூரம், பம்பு இல்லாமல் வெறும் சரிவிலேயே 1894-ல் கொண்டுவந்தார்கள். இதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஜான் ரஸ்கின். இந்தப் பெயரைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காந்தி 1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது படித்துத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டதாகச் சொன்ன புத்தகம் ரஸ்கினுடையது. பின்னால் அதன் சாரத்தைக் குஜராத்தியில் சர்வோதயம் என்று எழுதினார். அதன் தமிழ்ப் பிரதி ஒன்று என் அப்பாவின் மரப்பெட்டியில் இருந்தது. அப்பா கதர் கட்டியவர். ரஸ்கின் வேண்டாம் என்ற தண்ணீரில், அவர் வழி வந்த ஒருவரின் மகன் பீர் காய்ச்சுகிறான்.

மெல்லிய தண்ணீரைப் பர்ட்டன் தண்ணீராக்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கரண்டி ஜிப்சம் போடுவார். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் தெரிந்த பொடி. எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது அப்பா தூவச் சொன்ன அதே பொடி. கால்ஷியம் இல்லாவிட்டால் காய் பொக்காகப் போய்விடும். விவசாய ஆபீசர் சொன்னதை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்த உற்சாகத்தில் என் அடுத்த காய்ச்சலில் நான் இரண்டு கரண்டி சேர்த்தே போட்டேன். பர்ட்டன் பீர் வேண்டும், அதுவும் டின்னிலிருந்து. சூப் என்று சொன்னவர் வாயை அடைக்க வேண்டும். வந்ததோ நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கிற, சுவற்றுச் சுண்ணாம்பை நக்கியது போன்ற ஒரு வறட்சிக் கசப்பு.

அவர் குடித்துப் பார்த்தார். எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். டின்னைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு சொன்னதை நான் அன்றிரவே நோட்டில் எழுதிவைத்தேன்: "இதைச் செய்தவன் தண்ணீரைத்தான் எடுத்தான். உப்பை எடுக்கவில்லை."

நான் ஆய்வுக்கூடத்துக்காரன், எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆவியாவது நீர், கரைந்த உப்பு ஆவியாகாது. எந்த ஊர்த் தண்ணீரில் அந்த மால்ட்டை ஊறவைத்தார்களோ அந்த ஊரின் கால்ஷியமும் சல்ஃபேட்டும் முழுசாகப் பாகுக்குள்ளேயே இருக்கின்றன. அதன் மேல் நான் இன்னொரு ஊரின் உப்பைக் கொட்டியிருக்கிறேன். பாகில் காய்ச்சுகிறவனுக்கு வேண்டியது எதுவும் சேர்க்காத மெல்லிய தண்ணீர்தான். உன் குழாயில் வருவதே போதும், சும்மா இரு என்றார்.

*

இனி மதிப்புரை.

தென்கோடி ஜில்லா ஒன்றில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த ஒரு நண்பர் 1977-ல் தன் கைப்பணத்தில் ஒரு கவிதைத் தொகுதி போட்டார். முந்நூறு பிரதி. முப்பத்திச் சொச்சம் கவிதைகள். பெயர் சொல்ல வேண்டாம்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெங்குவின் வெளியிட்ட ஐரோப்பியக் கவிகள் வரிசை அப்போது எங்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. அவரும் படித்திருந்தார். படித்ததை அவர் மறைக்கவும் இல்லை.

நான் நாலு பக்கம் எழுதினேன். எந்தக் கவிதை எந்தக் கவியிடமிருந்து வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அதில் பெரும்பாலும் சரியாகவே சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன். குறிப்பாக, மணியார்டர் பாரம் பற்றிய ஒரு கவிதை. பாரத்தின் அடித்துண்டில் பணம் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கும். எழுதத் தெரியாதவர்கள் குமாஸ்தாவையே எழுதச் சொல்வார்கள். அப்படிப் பிறத்தியாருக்காகத் தினமும் எழுதிய இரண்டு வரிகளை, எந்த உணர்ச்சியும் இல்லாமல், ரிஜிஸ்தரில் பதிகிற தொனியில் அடுக்கிக்கொண்டே போகிற கவிதை அது. அந்தத் தொனி போலந்துக் கவி ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டினுடையது. 1968 பெங்குவின் தொகுதியில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்ட பெருமையில், இவை டின்னில் வந்து தண்ணீர் கலந்து பரிமாறப்பட்ட கவிதைகள் என்று எழுதினேன். அந்த வாக்கியம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். நம் மண்ணின் உப்பு இவற்றில் இல்லை என்றும் எழுதினேன்.

அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "படித்தேன். யோசிக்கிறேன்." அவ்வளவுதான். அடுத்த வருஷம் நான் இங்கே வந்துவிட்டேன். 1979-ல் மான்செஸ்டர் விலாசத்துக்குப் பத்துக் கவிதைகள் அனுப்பியிருந்தார். பிரசுரத்துக்கு அல்ல, நான் பார்ப்பதற்கு. எல்லாவற்றிலும் மண் இருந்தது. அய்யனார் வந்தார், கொடைக்கு ஆடு வெட்டினார்கள், கிழவிகள் கொச்சையில் பேசினார்கள். அவர் தபால் ஆபீசை விட்டுவிட்டார். படிக்கும்போது நாக்கைப் பிடித்து இழுத்தது. வலிந்து செய்தவை என்று எனக்குத் தெரிந்தது. யார் சொல்லிச் செய்தார் என்பது தெரியவில்லை.

நான் பதில் எழுதவில்லை. வேண்டுமென்று அல்ல, புது வேலை, புது ஊர், குளிர். பிறகு எழுதலாம் என்று வைத்தது அப்படியே போய்விட்டது. அவர் அதற்குப் பிறகு கவிதை எதுவும் வெளியிடவில்லை. 2011-ல் இறந்துபோனார். செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. ஜிப்சம் போட்ட அந்தக் காய்ச்சலும் அதே வருஷம்தான்.

பீரும் கவிதையும் ஒன்றல்ல என்று தொடக்கத்திலேயே சொன்னேன். உவமைகளை வைத்து விமர்சனம் செய்ததால்தான் 1977-ல் கெட்டேன்; மறுபடி செய்ய விருப்பமில்லை. சொல்ல வருவது இவ்வளவுதான். நான் மால்ட் எங்கிருந்து வந்தது என்று சரியாகக் கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்ததும் ருசிபார்க்கும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். ஹெர்பெர்ட்டின் தொனியில் ஹெர்பெர்ட்டின் ஊர் உப்பு இருந்தது உண்மை. போரும், ஆக்கிரமிப்பும், உரக்கப் பேச முடியாத ஒரு நாடும் அதில் கரைந்திருந்தன. தண்ணீர் போன பிறகும், ஆங்கிலத்தில் வற்றிய பிறகும், அது இருந்தது. அதனால்தான் அது அவருக்குப் பயன்பட்டது. தனக்குச் சொந்தமில்லாத துக்கங்களைத் தினமும் கணக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவுக்கு அந்தத் தொனி தேவையாக இருந்தது. மற்றதெல்லாம், அந்தக் கவுண்டரும் கிழிந்த பாரமும் அடித்துண்டும், அவருடையவை. அவர் குழாயில் வந்த தண்ணீர். அதில் ருசி இல்லை என்று நினைத்து மண்ணின் உப்பைப் போடச் சொன்னவன் நான்.

நான் அவரை அளந்த கோலும் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய விமர்சனத்தை ஆங்கிலத்தில் படித்து, அதிலும் பாதியை நண்பர்கள் சொல்லிக் கேட்டு வைத்திருந்தேன். அதுவும் டின்தான். அதில் நான் என்ன தண்ணீர் ஊற்றினேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

இதனால் அந்தத் தொகுதி முழுவதும் நல்ல கவிதைகள் என்று சொல்லமாட்டேன். பாதி அசிரத்தையாக எழுதப்பட்டவை. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் ஐந்து கவிதைகள் நிற்கின்றன. ஐந்து என்பது குறைவில்லை.

*

எங்கள் கொல்லையின் வரப்பில் பதினெட்டுப் பனை இருந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது, எங்கள் மரங்களில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த பனையேறி அப்பாவிடம் வந்து, கள்ளுக்கு விடலாமா என்று கேட்டார். பனஞ்சாறு பார்லி மாதிரி இல்லை. முளைகட்டவோ ஊறவைக்கவோ வேண்டாம், சர்க்கரையாகவே சொட்டுகிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டே போதும், காலையில் இறக்குவதற்குள் பாதி கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால்தான் அது பதநீராக நிற்கும்.

"சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாட்டி கள்ளு. நான் தனியா ஒண்ணும் செய்யறதில்லீங்க ஐயா," என்றார் அவர்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தடவாம விடறதும் ஒரு செய்கைதானேப்பா," என்றார்.

மரத்தை விடவில்லை. பனையேறிக்கு அந்த வருஷங்களின் வருமானம் போனது. 1974-ல் மறுபடி மதுவிலக்கு வந்தபோது அவர் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார். அப்பா செய்தது சரியா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அந்த வாக்கியம் மட்டும் சரி. பதில் எழுதாமல் விட்ட 1979-ஐ நினைக்கும்போதெல்லாம் அது வருகிறது.

1978 முதல் 1991-ல் சாகும்வரை அப்பா மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்கிறது என்று நானும் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. குளியல், வயிறு, முடி கொட்டுவது என்றுதான் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் கேட்டிருப்பார். தண்ணீரிலிருந்து என்னை வற்ற எடுத்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், உப்பு மட்டும் மிச்சம் என்றெல்லாம் எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் யாராலும் கொண்டுவரப்படவில்லை, நானாக வந்தேன்.

2016 வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் படுத்துவிட்டார். கொட்டகை பூட்டியிருந்தது. ஒருநாள் அவர் மனைவி வந்து, உங்கள் பீர் இருந்தால் இரண்டு கொண்டுவர முடியுமா, கேட்கிறார் என்றார். டின் பீர்தான் இருக்கிறது என்றேன். அதைத்தான் கேட்கிறார் என்றார்.

போனேன். தலையணையை நிமிர்த்தி வைத்து, தம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்றினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. ஒரு மடக்கு குடித்தார். வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"எதுவும் சேர்க்கவில்லையே?"

"இல்லை. குழாய்த் தண்ணீர்தான்."

"ம்," என்றார். இன்னொரு மடக்கு குடித்தார். மிச்சத்தை அவரால் குடிக்க முடியவில்லை. சூப் என்று சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் போய்விட்டார். ஐஸ்பெட்டியை அவர் மனைவி எனக்குக் கொடுத்தார். அதில் நான் இதுவரை தானியம் ஊறவைக்கவில்லை. செய்யத் தெரியாமல் அல்ல. டின்னிலிருந்து நான் இன்னும் சரியான ஒரு பேல் ஏலைக் காய்ச்சி முடித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பரின் தொகுதி என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது. மணியார்டர்க் கவிதையைக் கையால் பிரதியெடுத்து, அவர் மகளிடம் அனுமதி வாங்கி, இத்துடன் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் போடட்டும். இடம் போதவில்லையென்றால் இந்தக் கட்டுரையில் பீர் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம்.